அப்பம் பிட்கும் கை

1835-ஆம் ஆண்டு திருநெல்வேலித் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. உடனடிக் காரணம் ஒரு மதிப்புரை. ஆங்கிலிகன் திருச்சபையின் அமைப்பை விமர்சித்து லுத்தரன் மிஷனரியான ரேனியஸ் ஐயர் எழுதியது அது. ஆனால் அதற்கு முன்பே சில ஆண்டுகளாக ஒரு கேள்வி உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தது. ஊர் ஊராக நடந்து போதித்து, பள்ளிக்கூடம் நடத்தி, நோயாளிகளைப் பார்த்து, இறந்தவர்களை அடக்கம் செய்து சபையைக் காத்துவந்த உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பது யார்? லுத்தரன் முறைப்படி நாங்களே கைவைத்துக் கொடுக்கலாம் என்றார் ரேனியஸ். ஆங்கிலிகன் பேராயர்தான் கொடுக்கமுடியும் என்றது அவரை அனுப்பிய சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிகன் மிஷனரிச் சங்கம். பதினைந்து ஆண்டு பாளையங்கோட்டையில் உழைத்தவரைச் சங்கம் பணியிலிருந்து விலக்கியது. அவர் ஆற்காட்டுக்குப் போனார். உபதேசியார்கள் விடவில்லை, திரும்பி வாருங்கள் என்று அழைத்தார்கள். அந்த ஆண்டே திரும்பி வந்தார். 1838 ஜூன் 5 அன்று, தம் 47-ஆம் வயதில் இறந்தார். பாளையங்கோட்டை அடைக்கலாபுரத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

அவர் எழுப்பிய கேள்வி அவரோடு அடக்கமாகவில்லை. என் ஊழிய காலம் முழுவதும் அது என்கூடவே வந்திருக்கிறது.

நான் லுத்தரன் போதகன். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் பட்டம் பெற்று, காவிரிப் படுகையிலும் உசிலம்பட்டிப் பக்கத்திலும் ஊழியம் செய்து ஓய்வுபெற்றவன். இப்போது என் மனைவியின் ஊரான வீரகேரளம்புதூரில் இருக்கிறோம். இந்த வட்டாரத்தில் சபை என்றால் பெரும்பாலும் சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஆலயங்களில்தான் ஆராதிக்கிறேன். எங்களுக்குள் ஆராதனை முறையில் சில வேறுபாடுகள் உண்டு. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது லுத்தரன் சபைகள் அதில் சேரவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் இங்கே நான் அந்நியனாக உணர்வதில்லை. இந்தச் சீமையின் சபைக்கு அடித்தளம் போட்டவர்களில் பலர் லுத்தரன்கள்.

1778-இல் தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் மரபில் வந்த சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து குளோரிந்தா என்ற பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர். 1785-இல் குளோரிந்தா கட்டிய ஆலயத்தை சுவார்ட்ஸ் பிரதிஷ்டை செய்தார். அந்தச் சின்ன சபையைப் பார்த்துக்கொள்ள சத்தியநாதன் வந்தார். 1790 டிசம்பரில் தஞ்சாவூரில் அவருக்கு லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் கிடைத்தது. அன்று அவர் தமிழில் செய்த பிரசங்கம் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1792-இல் லண்டனில் அச்சானது. பட்டம் பெறுவதற்கு முன் அவர் உபதேசியாராக இருந்தவர். சபையைக் கட்டிய குளோரிந்தா ஒரு பிராமண விதவை. எந்த இறையியல் பள்ளியிலும் படித்தவர் அல்ல. அந்தக் காலத்தில் பெண்ணுக்கு எந்தப் பட்டமும் கிடைத்திருக்காது. ஆக, திருநெல்வேலிச் சபையின் தொடக்கத்திலேயே இரண்டு வகை மனிதர்களைப் பார்க்கிறோம்: சபையைச் சுமந்தவர்கள், அப்பம் பிட்க அனுமதிக்கப்பட்டவர்கள். சில வேளை இருவரும் ஒருவராகவே இருந்தார்கள். பல வேளைகளில் அப்படி இல்லை.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படித்தேன். திருமறையூரில் இருந்த இறையியல் கல்லூரியும் தரங்கம்பாடி லுத்தரன் இறையியல் கல்லூரியும் 1969-இல் இணைந்து உருவானது அது. ரேனியஸின் காலத்தில் முறிந்துபோன இரண்டு மரபுகளும் அங்கே ஒரே விடுதியில் தங்கி, ஒரே பந்தியில் சாப்பிட்டன. பட்டம் செராம்பூர் கல்லூரியுடையது. டென்மார்க் மன்னர் 1827-இல் கொடுத்த சாசனத்தால் பட்டமளிக்கும் உரிமை பெற்றது செராம்பூர். 1706-இல் சீகன்பால்க் ஐயரைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியதும் அதே டென்மார்க் அரச குடும்பம்தான். இந்தத் தொடர்ச்சியை வகுப்பறையில் கேட்டபோது, கடல் தாண்டி வந்த ஒரு வரலாற்றின் பிள்ளையாக என்னை உணர்ந்தேன். அந்த வரலாறு எங்களுக்குத் தமிழில் கற்பிக்கப்பட்டது என்பது அதைவிடப் பெரிய விஷயம். எபிரேயமும் கிரேக்கமும் படித்தோம். ஆனால் பரிசுத்த ஆவியைப் பற்றியும் பாவத்தைப் பற்றியும் நிலவுரிமையைப் பற்றியும் சாதியைப் பற்றியும் விவாதித்ததும் எழுதியதும் தமிழில். படிப்பின் ஒரு பகுதியாகக் கல்லூரி வளாகத்தை விட்டு வெளியேறி, ஏழைகள் குடியிருக்கும் பகுதிகளில் தங்கினோம்.

பரட்டை என்று எல்லாரும் அழைத்த தியோபிலஸ் அப்பாவு அங்கேதான் கற்பித்தார். நாட்டுப்புற மெட்டுகளில் ஆராதனை முறையையே அமைத்தவர். பறையும் கும்மியும் பீடத்தருகே வரலாம் என்று காட்டியவர். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்ணாத ஊரில் திருவிருந்து எப்படி முழுமையாகும் என்று கேட்டவர். 2005-இல் மறைந்தார். அவருடைய கேள்வியும் திருநெல்வேலிக்குப் புதிதல்ல. பாளையங்கோட்டையில் ரேனியஸ் நடத்திய பயிற்சிப் பள்ளியில், சாதி பார்க்காமல் மாணவர்கள் சேர்ந்து உண்ணவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதற்கு வந்த எதிர்ப்புக்கும் அவர் வளைந்துகொடுக்கவில்லை. குருவாகப் போகிறவனுக்கு முதல் பாடம் பக்கத்தில் இருப்பவனோடு சோறு உண்பது என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார்.

ரேனியஸ் படித்த இடத்தையும் சொல்லவேண்டும். பிரஷ்யாவில் கிராவுடென்ஸ் கோட்டையில் 1790-இல் பிறந்த அவர் பெர்லினில் யானிக்கே என்ற போதகரிடம் பயின்றார். யானிக்கே பெரிய பேராசிரியர் அல்லர். போஹீமியாவிலிருந்து வந்து குடியேறிய எளிய மக்களின் சபைக்குப் போதகர். 1800-இல் தம் சபை வேலைகளுக்கு நடுவே இளைஞர்களைச் சேர்த்து மிஷனரிப் பயிற்சி தொடங்கினார். அதே 1800-இல் அவருடைய தம்பி யோசேப் தானியேல் யானிக்கே தஞ்சாவூரில் இறந்தார். அந்தத் தம்பி பாளையங்கோட்டைச் சபையில் ஊழியம் செய்து, மலைக்காய்ச்சலால் உடல் நொந்துபோனவர். தம்பி விட்டுச்சென்ற சீமைக்கு அண்ணனின் மாணவர் இருபது ஆண்டு கழித்து வந்து சேர்ந்தார். சபை நடத்துகிறவரே கற்பிக்கிறவராக இருந்த பள்ளி அது. பாளையங்கோட்டையில் ரேனியஸ் செய்ததும் அதுவே. உபதேசியார்கள் ஊர்களிலிருந்து வந்து கூடுவார்கள். தங்கள் ஊர்ச் சங்கதிகளைச் சொல்வார்கள், வேதம் படிப்பார்கள், திரும்பிப் போவார்கள். படிப்பு முடிந்தபின் ஊழியம் என்ற வரிசை அங்கே இல்லை. ஊழியம் செய்கிறவன் ஊழியத்தைச் சுமந்துகொண்டு வந்து படித்தான்.

நான் இருக்கும் இந்த ஊர் அதற்கு இணையான ஒன்றை நினைவூட்டுகிறது. வீரகேரளம்புதூர் ஊத்துமலை ஜமீனின் தலைமையிடமாக இருந்தது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த இருதாலய மருதப்பத் தேவர் இங்கிருந்துதான் ஆண்டார். ரெட்டியாரின் காவடிச்சிந்து கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடப்பதற்காகப் பிறந்தது. நடைக்கு இசைந்த மெட்டு. நடக்கிறவனின் மூச்சுக்கு இசைந்த சொல். பள்ளு, குறவஞ்சி, சிந்து என்று இந்தச் சீமை வளர்த்ததெல்லாம் காலோடும் கையோடும் சேர்ந்த கலை. இங்கே இறையியலும் அப்படித்தான் வேர்பிடித்தது. வெயிலில் நடந்து ஊர் ஊராகப் போன உபதேசியார்களின் வாயில்தான் வேதம் இந்த ஊர்களின் பேச்சாக மாறியது. ரேனியஸ் 1832-இல் தமிழில் பூமி சாஸ்திரம் எழுதினார். தமிழ் இலக்கண நூல் ஒன்றும் வெளியிட்டார். பெரிய காரியங்கள்தாம். ஆனால் அவர் காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சபையில் சேர்ந்ததற்கு நூல்கள் காரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நடந்தவர்கள் காரணம்.

லூத்தர் 1539-இல் தம் ஜெர்மன் நூல்தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில், ஒருவனை இறையியலாளனாக்கும் மூன்றைச் சொல்கிறார்: ஜெபம், தியானம், சோதனை. 119-ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்த பாடம் அது. இறையியல் கல்லூரியால் முதல் இரண்டுக்கும் இடம் கொடுக்கமுடியும். காலை ஜெபம் உண்டு, நூலகம் உண்டு, வேதத்தை வரிவரியாக அசைபோட நேரம் உண்டு. மூன்றாவதற்கு எந்தக் கல்லூரியும் பாடத்திட்டம் போடமுடியாது. அது சேகரத்தில், போதகனின் பொறுப்பில் உள்ள ஊர்ச் சபைகளில், காத்திருக்கிறது. பட்டம் பெற்றுப் போகிற இளைஞன் அதைத் தனியாகச் சந்திப்பதாக நினைத்துக்கொள்கிறான். உண்மையில் அங்கே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். பல வருடமாக அந்தச் சோதனைக்குள்ளேயே குடியிருக்கும் உபதேசியார்.

என் முதல் சேகரத்தில் அப்படி ஒருவர் இருந்தார். ஒரு அடக்க ஆராதனைக்கு வரப்பு வழியாகப் போய்க்கொண்டிருந்தோம். உயிர்த்தெழுதலைப் பற்றி 1 கொரிந்தியர் 15-ஐ வைத்து நன்றாகத் தயாரித்திருந்தேன். அவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “ஐயா, செத்துப்போனவருக்கும் அவரு தம்பிக்கும் ரொம்ப வருசமாப் பேச்சு இல்ல. தம்பி தெருமுனையில நிக்கிறாப்புல. உள்ள வரக் கூச்சப்படுறாரு. நீங்க போயிக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாங்க. அப்பறம் ஆராதனைய வச்சுக்கலாம்.” போனேன். அந்த மனிதர் என் கையைப் பற்றிக்கொண்டு வந்து அண்ணனின் காலடியில் விழுந்து அழுதார். அதன் பிறகு நான் படித்த ஒவ்வொரு வசனத்துக்கும் அந்த வீட்டில் ஒரு இடம் இருந்தது. ஒப்புரவாக்குதலைப் பற்றி நான் கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஒப்புரவு எந்தத் தெருமுனையில் நிற்கிறது என்பது உபதேசியாருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து வந்த திருவிருந்து ஞாயிறன்று அவர் வரிசையில் வந்து என் முன் முழங்காலிட்டார். நான் அப்பத்தைப் பிட்டு அவர் கையில் வைத்தேன். அவருடைய பிள்ளை வயது எனக்கு. அந்தச் சபையில் யார் வீட்டில் பட்டினி, யார் வீட்டில் கடன், யார் குடியை விட்டார்கள், யார் மறுபடி தொடங்கினார்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் ஒருநாளும் அப்பம் பிட்டதில்லை, பிட்கவும் கூடாது. சபை ஒழுங்கு அப்படி. அந்த ஒழுங்கின்மேல் எனக்கு அன்றும் மரியாதை உண்டு, இன்றும் உண்டு. ஆனால் அந்தக் கணத்தில் ரேனியஸ் எதற்காக வேலையை இழந்தார் என்பது நூலில் படித்ததைவிட ஆழமாகப் புரிந்தது.

ஒழுங்கின் பக்கம் நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் சி.எம்.எஸ். சங்கத்துக்கும் ஆங்கிலிகன் சகோதரர்களுக்கும் அநீதி செய்தவனாவேன். 1520-இல் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய நூலில் லூத்தர், ஞானஸ்நானம் பெற்ற எல்லாரும் ஆசாரியர்களே என்று அறிவித்தார். ஆனால் 1530-இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, முறையாக அழைக்கப்படாத எவரும் சபையில் போதிக்கவோ சாக்கிரமெந்துகளை நடத்தவோ கூடாது என்று 14-ஆம் பிரிவில் கட்டளையிடுகிறது. லுத்தரன் சபை இந்த இரண்டையும் கைவிடாமல் பிடித்திருக்கவேண்டும். தானே தன்னைப் போதகனாக அறிவித்துக்கொள்பவர்கள் பெருகியிருக்கும் காலத்தில் 14-ஆம் பிரிவின் அருமை தெரிகிறது. யாருக்கும் கணக்கு ஒப்புவிக்காத ஊழியக்காரன் கையில் ஒரு நோயாளியின் பயமும் ஒரு விதவையின் சேமிப்பும் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேராயர் கைவைத்து அனுப்பும் குருவுக்குப் பின்னால் ஒரு முழுத் திருச்சபையின் பொறுப்பு இருக்கிறது. கடம்பூரிலோ கடையநல்லூரிலோ அவர் பிட்கும் அப்பம் ஒரே அப்பம்தான் என்ற உறுதி இருக்கிறது. ரேனியஸ் விலக்கப்பட்ட மறு ஆண்டே, 1836-இல், தரங்கம்பாடியில் லுத்தரன் பள்ளியில் வளர்ந்த ஜான் தேவசகாயம் ஆங்கிலிகன் பேராயரிடம் முழுக் குருப்பட்டம் பெற்றார். அந்த வழியும் நல்ல ஊழியர்களைக் கொடுத்தது.

ஆகவே பேராயரா மிஷனரியா என்பதோடு கேள்வி முடிந்துவிடவில்லை. ‘முறையான அழைப்பு’ என்றால் அழைப்பது யார்? அறிக்கை ஒரு வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறது. ஒரு ஊர் தன் துக்கத்துக்கும் சந்தோஷத்துக்கும் யாரைக் கூப்பிடுகிறதோ அவரை அது ஏற்கெனவே அழைத்துவிட்டது. கைவைத்தல் அந்த அழைப்பைத் திருச்சபை முழுவதும் ஒப்புக்கொள்வது. ரேனியஸின் உபதேசியார்கள் ஊர்களால் அழைக்கப்பட்டிருந்தார்கள். ஒப்புக்கொள்ளுதல்தான் நிலுவையில் இருந்தது.

அந்த ஒப்புக்கொள்ளுதலை எது தடுக்கிறது என்று பார்த்தால், ஒழுங்கின் பெயரில் வேறு காரியங்கள் ஒளிந்திருப்பது தெரியும். தரங்கம்பாடியிலேயே அது தொடங்கிவிட்டது. 1733 டிசம்பர் 28 அன்று கடலூர்க்காரரான ஆரோன் குருப்பட்டம் பெற்றார். இந்தியர்களில் முதல் புராட்டஸ்டன்ட் குரு அவர். பெருமைப்படவேண்டிய நாள். 1741-இல் இரண்டாவது குருவைத் தேர்ந்தெடுக்கும்போது ராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர். வேதத்தைத் தமிழில் வாசித்து லுத்தரன் சபைக்கு வந்தவர். தஞ்சைச் சீமையில் அடிபட்டும் அஞ்சாமல் உபதேசித்தவர். அவர் பறையர் சமூகத்தில் பிறந்தவர். அவர் கையிலிருந்து வேளாளக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்ற அச்சம் மேலோங்கியது. பட்டம் தியோகு என்பவருக்குக் கிடைத்தது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். அவருடைய அழைப்பில் குறை இல்லை, அறிவில் குறை இல்லை, சோதனையிலும் நிலைத்தவர். வாங்கமறுத்த கைகளுக்காகக் கொடுக்கவேண்டிய கை தடுக்கப்பட்டது. லுத்தரன் சபை இதை முன்னூறாண்டுப் பெருமைகளோடு சேர்த்தே சொல்லவேண்டும். தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் இருக்கும் நாட்டில், அந்த 1741-ஆம் ஆண்டு முடிந்துபோன ஆண்டு அல்ல.

பெண்களின் கதையும் இதுதான். இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். மடியில் சுளகு, அதில் இலையும் தூளும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த வீடுகளுக்கு ஜெபிக்கப் போகிற போதகன் ஜெபத்தைச் சுருக்கமாகச் செய்யக் கற்றுக்கொள்ளவேண்டும். கை நின்றால் கூலி நிற்கும். ஆனால் அந்தத் திண்ணைகளில் நான் கேட்ட ஜெபங்களைப் போல எந்தப் பீடத்திலும் கேட்டதில்லை. ஓய்வுநாள் பள்ளி நடத்துவது, பிரசவமான வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோவது, கணவன் அடித்த பெண்ணை இரவு தன் வீட்டில் படுக்கவைப்பது, அசனம் என்ற சபை விருந்துக்குக் கைப்பிடி அரிசி சேர்ப்பது எல்லாம் அவர்கள்தான். எங்கள் திருச்சபை பெண்களுக்கு ஆயர் பட்டம் கொடுக்கத் தொடங்கியது இந்த நூற்றாண்டில்தான். குளோரிந்தா ஆலயம் கட்டி இருநூறு ஆண்டு கடந்தபின். இன்று பட்டம் பெற்று வரும் பெண் ஆயர்களை நான் மனம் நிறைந்து வாழ்த்துகிறேன். அவர்களால் திருச்சபை தன் கடனில் ஒரு பகுதியைத் தீர்க்கிறது.

இறையியல் கல்லூரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது உயிர் கொடுத்தது. படிக்காத பக்தி எளிதில் பயமுறுத்தலாக மாறிவிடும். வேதத்தைக் கவனமாக வாசிக்கத் தெரிந்தவன்தான் அதைக் கொண்டு ஏழையை அடிக்கிறவனைத் தடுக்கமுடியும். நோய் பாவத்தின் சம்பளம் என்று ஒருவன் ஒரு தாயிடம் சொல்லும்போது, யோபு புத்தகத்தைத் திறந்து இல்லை என்று சொல்ல ஆள் வேண்டும். அதற்குத்தான் அத்தனை வருடப் படிப்பு. ஆனால் அந்தப் படிப்பு யாருக்குச் சொந்தம்? சபைகள் காணிக்கை கொடுத்துத்தான் என்னைப் படிக்கவைத்தன. அந்தக் காணிக்கையில் உபதேசியாரின் மெலிந்த சம்பளத்திலிருந்து வந்த பணமும் இருந்தது, பீடிக்கூலியும் இருந்தது. கற்றதைத் திருப்பிக் கொடுப்பது தயவு ஆகாது, கடன் அடைப்பது. நான் பணியில் இருந்த காலத்தில் ஒவ்வொரு சேகரத்திலும் உபதேசியார்களையும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகளையும் மாதந்தோறும் கூட்டி ஒரு வேதப்புத்தகத்தை முழுதாகப் படித்தோம். அவர்கள் ஊரைக் கொண்டுவந்தார்கள். நான் மொழியையும் வரலாற்றையும் கொண்டுவந்தேன். ரோமர் நிருபத்தை அப்படிப் படித்தபோதுதான் எனக்கே அது திறந்தது. கிருபை என்பதை அவர்கள் கடன் தள்ளுபடியாகப் புரிந்துகொண்டார்கள். பவுலும் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது.

லுத்தரன் சபைக்கும் தென்னிந்தியத் திருச்சபைக்கும் இந்த ஓய்வுக்காலத்தில் நான் சொல்ல விரும்புவது இரண்டு காரியங்கள்தான். முதலாவது, இறையியல் மாணவன் தன் படிப்பில் ஒரு ஆண்டை ஒரு உபதேசியாரின் கீழ் கழிக்கட்டும். அவர் எழுதும் மதிப்பீடு பேராசிரியரின் மதிப்பெண்ணுக்குச் சமமாக எண்ணப்படட்டும். இரண்டாவது, குருப்பட்டம் கொடுக்கும் ஆராதனையில் பேராயரும் ஆயர்களும் கைவைக்கும்போது, அந்த இளைஞனை வளர்த்த ஊரிலிருந்து ஒரு உபதேசியாரும் சபை ஊழியம் செய்யும் ஒரு பெண்ணும் வந்து கூடவே கைவைக்கட்டும். ஒழுங்கு இதனால் குறையாது. பேராயரின் கை அங்கே இருக்கிறது. திருச்சபை முழுவதும் அங்கே இருக்கிறது. குறைந்திருந்த ஒன்றுதான் வந்து சேரும். ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்டதும், ரேனியஸ் தம் உபதேசியார்களுக்காகக் கேட்டதும், குளோரிந்தாவுக்கு யாரும் கொடுக்க நினைக்காததும் அந்தக் கைகளில் ஒரு பங்கைப் பெறும். அப்படிப் பட்டம் பெற்றுப் பீடத்துக்கு வருகிற புதிய குரு, முதல் அப்பத்தைப் பிட்கும்போதே அறிந்திருப்பார்: இந்த வேலையை நான் தொடங்கவில்லை, எனக்கு முன் இதைச் செய்தவர்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறேன்.